ஒரு விண்ணப்பம், பதினொரு யன்னல்கள்

டொங்.

வெண்கலக் கிண்ணத்தின் விளிம்பை விரலால் சுண்டியது போல ஒரு சத்தம். அடக்கமானது, ஆனால் விட்டுக்கொடுக்காதது. கணினித் திரையில் ஒரு சின்னப் பெட்டி முன்னுக்கு வந்து நின்று ஏதோ கேட்டுக்கொண்டிருக்கும். அதற்குப் பதில் சொல்லாமல் பின்னால் இருக்கிற வேறொன்றைத் தொட்டால் இந்தச் சத்தம் வரும். முதலில் எனக்கொரு பதில் சொல்லு, பிறகு ஊர் வேலையைப் பார், என்று.

இன்று காலை ஆசிரியர் அறையில் இருந்து தரம் பத்துப் பிள்ளைகளின் தமிழ்ப் புள்ளிகளை ஏற்றிக்கொண்டிருந்தேன். புதிய மடிக்கணினி. பழையதைப் போல இது மடியைச் சுடுவதில்லை, மூச்சு வாங்குவதில்லை, விசைப்பலகையில் எழுத்து ஒன்றும் தேய்ந்துபோகவில்லை. சத்தம் மட்டும் அதே சத்தம். கேட்டவுடன் இடப்பக்கம் திரும்பி, "ஓம் ரீச்சர், பாக்கிறன்" என்று சொல்லிவிட்டேன்.

இடப்பக்கக் கதிரையில் பழைய வினாத்தாள் கட்டுகள் அடுக்கிக் கிடந்தன.

அந்தக் கதிரையில் ஐந்தரை வருடம் இருந்தவள் கணித ஆசிரியை. கொக்கிளாய்க்காரி. கடலோரக் களப்பில் வலை போடுகிற வீட்டில் பிறந்து, களப்பில் வலை போடுகிற ஒருவரைக் கட்டியவள். எங்கள் கண்டாவளைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு நியமனம் கிடைத்து வந்தாள். திங்கள் முதல் வெள்ளி வரை பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வாடகைக்கு ஓர் அறை. வெள்ளி மதியம் மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு முல்லைத்தீவு பஸ்ஸுக்கு ஓட்டம். ஞாயிறு பூசை முடிந்து மறுபடி பஸ். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. ஆனாலும் கடைசிவரை நாங்கள் ஒருவரையொருவர் ரீச்சர் என்றுதான் கூப்பிட்டோம், நீங்கள் என்றுதான் கதைத்தோம். அந்த மரியாதைக்குள் எவ்வளவு நக்கலும் நையாண்டியும் வைக்கலாம் என்பதை அவளிடம்தான் கண்டேன்.

"ரீச்சர், உங்கட லப்டொப்பிலை எத்தினை விண்டோ திறந்து கிடக்கு?"

"எண்ணேல்லை."

"உங்கட மண்டைக்குள்ளையும் இப்பிடித்தானே கிடக்கும். காத்தோட்டம் நல்லாய் இருக்கும் என்ன?"

உண்மைதான். என்னால் ஒன்றில் நிற்க முடியாது. ஒரு கவிதை அரைவாசியில் நிற்கும். அதன்மேல் மழை வருமா என்று பார்க்கிற பக்கம் வந்து படுக்கும். அதன்மேல் பலாக்கொட்டைக் கறிக்கு ஒரு செய்முறை, தங்கை இருக்கிற குளிர் நாட்டின் வரைபடம், பாடத்திட்டம், இன்னொரு கவிதையின் முதல் வரி. எல்லாமே யன்னல்கள். ஒன்றையும் மூடமாட்டேன். கீழே ஒதுக்கிவிடுவேன். திரையின் அடியில் சின்னச் சின்னக் கட்டங்களாக அவை வரிசையில் இருக்கும். அதைப் பார்க்க எனக்கு ஒரு நிம்மதி. எல்லாம் கட்டி வைத்தாயிற்று, எந்த நேரமும் வெளிக்கிடலாம் என்பது போல.

அந்த நிம்மதி எங்கிருந்து வந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பிக் காடு வெட்டிய குடும்பம் எங்களுடையது. சண்டைக்குப் பயந்து இடம்பெயர்ந்த ஒவ்வொரு தடவையும் ஐயா மூட்டைகளை முற்றத்தில் வரிசையாக வைப்பார். நெல் மூட்டை, பாத்திர மூட்டை, உடுப்பு மூட்டை, கடைசியில் எங்கள் புத்தகங்கள் கட்டிய பழைய சேலை. ஒவ்வொன்றின் முடிச்சையும் இழுத்துப் பார்ப்பார். நடக்கத் தொடங்கிய பிறகு, விடுபட்டது எதுவென்று நினைவு வந்தாலும் திரும்பக் கூடாது. "விட்டதை விட்டிட்டு நட. போற இடத்திலை புதுசாய்ப் பாப்பம்." அம்மாவின் தையல் மெஷின் அப்படித்தான் ஒரு முருங்கை மரத்தடியில் நின்றது. அம்மா ஒரு தரம் கழுத்தைத் திருப்பினா. ஐயா செருமினார். அம்மா நடந்தா. எங்களுக்குப் பக்கத்தில் வந்த ஒருவர் தன் சைக்கிளை எடுக்கத் திரும்பிப் போனார். அவர் பிறகு வரவில்லை. அதற்குப் பின் ஐயாவின் சட்டத்தைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை.

ஐயா போய்விட்டார். இப்போது ஓடவேண்டிய தேவையும் இல்லை. ஆனால் அந்தச் சட்டம் என் விரல்களில் குடியிருந்தது. எனக்கு அது தெரியவந்தது ஒரு வெள்ளிக்கிழமை.

அன்று இடமாற்ற விண்ணப்பத்தின் கடைசி நாள். பின்னேரம் நான்கு மணியோடு மூடிவிடுவார்கள். முன்பு இரண்டு தரம் கடதாசியில் எழுதிக் கொடுத்தாள். முதல் தரம் பதிலே வரவில்லை. இரண்டாம் தரம் 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு கடிதம் வந்தது. அந்த விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில்தான் இருக்கும். இந்த முறை இணையத்தில் மட்டும்தான். அவளிடம் இருந்தது ஒரு கைத்தொலைபேசி, அதன் கண்ணாடியில் மூலைக்கு மூலை வெடிப்பு. மடிக்கணினி என்னிடம்தான் இருந்தது. வவுனியாவில் ஆரோ பாவித்துவிட்டு விற்றதை வாங்கியிருந்தேன். மின்சாரக் கம்பியைக் கழற்றினால் அடுத்த நிமிடம் செத்துவிடும்.

பள்ளிக்கூடம் விட்டு எல்லோரும் போய்விட்டார்கள். அவள் வழக்கமான பஸ்ஸை விட்டாள். ஐந்தரை வருடத்தில் வெள்ளிக்கிழமை பஸ்ஸை அவள் விட்டதை அன்றுதான் பார்த்தேன். சிக்னல் கிடைப்பதற்காக என் தொலைபேசியை உண்மையான யன்னலின் கட்டில், இரண்டு கம்பிகளுக்கிடையில் செருகி வைத்தோம். அதன் வழியாக மடிக்கணினிக்கு இணையம். வெளியே வயல் அறுத்து முடிந்த நேரம். வைக்கோல் வாசத்தோடு சுடுகாற்று வந்து கடதாசிகளைக் கிளப்பியது. அவள் அவற்றின்மேல் கொம்பாஸ் பெட்டியைத் தூக்கி வைத்தாள்.

அதிபரின் கடிதம், கிராம சேவகரின் கடிதம், நியமனக் கடிதம், மகளின் பிறப்புச் சான்றிதழ். நான்கையும் படம் பிடித்து மின்னஞ்சலில் அனுப்பி, அங்கிருந்து இறக்கி, விண்ணப்பத்தில் ஏற்ற வேண்டும். ஒவ்வொன்றும் ஏறுவதற்குள் ஒரு பாடவேளை போனது போல இருந்தது. பச்சைக் கோடு ஊரும், நிற்கும், யோசிக்கும், மறுபடி ஊரும்.

"எங்கட மீன்பிடிச் சங்கக் கட்டடம் வருசக்கணக்காய்க் கட்டின கதை போலயெல்லோ போகுது," என்றாள்.

கடிதங்களுக்கு முன்பே விபரங்களை நிரப்பியிருந்தோம். அவள் வாசித்தாள், நான் தட்டினேன். இடமாற்றத்துக்கான காரணம் என்ற இடம் வந்தது. அவள் வாசிப்பதை நிறுத்தினாள்.

"என்ன போட?"

"குடும்ப நிலைமை எண்டு போடுங்கோ."

"அது எல்லாரும் போடுறது ரீச்சர். உண்மையைச் சொல்லுங்கோ, நான் வடிவாய் எழுதித் தாறன்."

அவள் சிரித்தாள். பிறகு கொம்பாஸ் பெட்டியின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டு சொன்னாள். மகளுக்குப் பத்து வயது. தாய் இங்கே, தகப்பன் களப்பிலே என்பதால் பிள்ளை சித்தி வீட்டில், அதாவது இவளின் தங்கை வீட்டில், வளர்கிறது. "முந்தநாள் போன் எடுத்தனான். வாற பெருநாளுக்கு என்ன நிறத்திலை சட்டை வேணும் பிள்ளை எண்டு கேட்டன். 'பொறுங்கோ அம்மா, சித்தியைக் கேட்டுச் சொல்லுறன்' எண்டாள்."

மூடி டிக்கென்று விழுந்தது.

"கோவத்திலை சொல்லேல்லை ரீச்சர். நல்ல மரியாதையாய்ச் சொன்னவள். பக்கத்து வீட்டு ஆளுக்குச் சொல்லுற மாதிரி."

நான் அதை எழுதப் போனேன். தட்டத் தொடங்கியதும் அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"உங்களுக்குச் சொன்ன கதை அது. கல்விக் கந்தோருக்குக் குடும்ப நிலைமை காணும்."

குடும்ப நிலைமை என்றே போட்டேன்.

மூன்று மணி தாண்டி ஐந்து பத்து நிமிடம். "எல்லாம் போட்டாச்சு, அனுப்புங்கோ," என்றாள். அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். திரை முழுக்கச் சிவப்பு. பெயர் இல்லை, பிறந்த திகதி இல்லை, பாடசாலை இல்லை. கடிதங்கள் மட்டும் இருந்தன.

"இப்பதானே எல்லாம் சொன்னனான்!"

"நானும் தட்டினனான்!"

"அப்ப எங்கை போனது?"

அவள் குனிந்து திரையின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். வரிசையில் இருந்த ஒரு கட்டத்தில் விரலைத் தேய்த்து அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தாள். சின்னச் சின்னப் படங்களாக யன்னல்கள் மேலே எழுந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. கணித ரீச்சர் வாய்விட்டு எண்ணினாள். பதினொன்று. பதினொன்றும் அதே விண்ணப்பம்.

நடந்தது இதுதான். கடிதம் தேட, முகவரி பார்க்க, அவளின் சேவை இலக்கம் எடுக்க என்று ஒவ்வொரு முறை வேறு பக்கத்துக்குப் போனபோதும், விண்ணப்பத்தைக் கீழே ஒதுக்கிவிட்டுப் போயிருக்கிறேன். வந்தபோது ஒதுக்கியதை எடுக்கவில்லை. புதிதாக ஒன்றைத் திறந்திருக்கிறேன். ஒன்றில் அவள் பெயர் மட்டும். ஒன்றில் பெயரும் பிறந்த திகதியும். ஒன்றில் எல்லா விபரங்களும் இருந்தன, கடிதம் ஒன்றும் இல்லை. கடைசியாகத் திறந்ததில் நான்கு கடிதங்களும் இருந்தன, ஆள் இல்லை.

"ரீச்சர்," அவள் மெதுவாகத்தான் கேட்டாள், "வைச்சதைத் திரும்பப் போய் எடுக்கமாட்டியளோ?"

முற்றத்தையும் மூட்டைகளையும் ஐயாவின் செருமலையும் சொன்னேன். தையல் மெஷினைச் சொன்னேன். மணி மூன்று இருபது. சொல்லிக்கொண்டிருக்கிற நேரமா அது? அவள் இடையில் மறிக்காமல் கேட்டாள்.

"உங்கட ஐயா சொன்னது சரிதான்," என்றாள். "எங்கட அப்பு இதுக்கு நேர்மாறு. பின்னேரம் களப்பிலை வலையைப் போட்டால் விடிய அதே இடத்துக்குத் திரும்பிப் போகத்தானே வேணும். போகாட்டி மீன் ஆருக்கு? நாங்கள் ஒவ்வொரு வலைக்கும் ஒவ்வொரு மிதப்புக் கட்டுறது. சிவத்தப் போத்தல், நீலப் போத்தல், பழைய செருப்பு. மிதப்பைப் பாத்தால் எது ஆரின்ரை வலை, எதுக்குள்ளை என்ன கிடக்கும் எண்டு சொல்லலாம். உதுகளும் மிதப்புத்தானே ரீச்சர்? கீழை வரிசையாய்க் கிடக்கு. போய் இழுக்க வேண்டியதுதான்."

இழுத்தோம். விபரம் உள்ள யன்னலை மேலே எடுத்தேன். கடிதம் உள்ள யன்னல் மறைந்தது. அதை எடுத்தேன், இது மறைந்தது. கடிதங்களை மறுபடி ஏற்ற நேரம் இல்லை. விபரத்தைத்தான் மாற்றி எழுத வேண்டும். ஒரு வரியைப் பார்த்து மனதில் வைத்துக்கொண்டு மற்றதுக்குப் போவதற்குள் இலக்கம் தடுமாறியது. இப்படி நாலு தரம். மணி மூன்றரை. என் கை வியர்த்து விரல் வழுக்கியது.

"தள்ளுங்கோ," என்று அவள் கதிரையை இழுத்துப் போட்டாள். யன்னலின் தலைப்பகுதியைப் பிடித்து, ஓரமாக ஒதுக்குகிறேன் என்று வலப்பக்கம் இழுத்தாள். இழுத்த வேகத்தில் திரையின் கரையில் போய் முட்டியது. முட்டியதும் யன்னல் தானாகவே நிமிர்ந்து திரையின் சரிபாதியில் அளவாகப் பொருந்தி நின்றது.

"ஐயோ மாதாவே, உடைச்சுப் போட்டனோ!"

உடையவில்லை. நான் மற்றதைப் பிடித்து இடப்பக்கக் கரைக்கு இழுத்தேன். அதுவும் பாதியில் நின்றது. இடப்பக்கம் விபரம், வலப்பக்கம் கடிதம். இரண்டும் ஒன்றையொன்று மறைக்காமல், தோளோடு தோள். மூன்று வருடம் அந்த மடிக்கணினியை வைத்திருந்தும் அப்படி ஒன்று செய்யலாம் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று போடுவது.

"ரெண்டு வள்ளத்தை அணைச்சுக் கட்டின மாதிரி," என்றாள் அவள். "மீன் மாத்தேக்கை இப்பிடித்தான் கட்டுறது. ம், நான் வாசிக்கிறன், நீங்கள் ஏத்துங்கோ. கெதியாய்."

அவள் இடப்பக்கத்திலிருந்து வாசித்தாள். நான் வலப்பக்கத்தில் தட்டினேன். பெயர். பிறந்த திகதி. நிரந்தர முகவரி என்று வந்தபோது கொக்கிளாய் என்பதை அவள் கொஞ்சம் அழுத்திச் சொன்னாள். எங்கள் தோள்களும் முட்டிக்கொண்டிருந்தன. விசிறி இரைந்தது. விசைப்பலகையில் தேய்ந்துபோன ழகரத்தை நான் ஒவ்வொரு தரமும் தேடினேன். அவள் ஒவ்வொரு தரமும், "தமிழ் ரீச்சருக்கு ழானா தெரியாதாம்," என்றாள்.

மூன்று நாற்பத்தெட்டுக்கு அனுப்பும் பொத்தான். அழுத்தினேன். சிவப்பு வரவில்லை. ஒரு சின்னப் பெட்டி வந்தது. அனுப்பிய பின் மாற்ற முடியாது, உறுதியா என்று கேட்டது. ஓம் என்று ஒன்று, இல்லை என்று ஒன்று.

இதை நான் எங்கேயும் எழுதியதில்லை. என் கை நின்றுவிட்டது. பன்னிரண்டு நிமிடம் இருக்கிறது. எதையாவது சரிபார்ப்பது போலப் பாவனை செய்தால் நேரம் போய்விடும். சிக்னல் மேல் பழி போடலாம், மின்சாரத்தின் மேல் போடலாம். திங்கட்கிழமை இவள் இதே கதிரையில் இருப்பாள். என்னுடைய புளித்துப்போன மத்தியானச் சாப்பாட்டுக்கு அவளின் நெத்தலிக் கருவாட்டுப் பொரியலில் பாதி வரும். என் கவிதையை வாசித்துவிட்டு, 'இதிலை எத்தினை தெரியாக் கணியம் ரீச்சர்' என்று கேட்பாள். பத்து வயதுப் பிள்ளை ஒன்று கொக்கிளாயில் மரியாதையாகக் கதைத்துக்கொண்டிருக்கும். இவ்வளவும் ஒரு மூச்சுக்குள் வந்து போனது.

நான் பின்னால் இருந்த யன்னலைத் தொட்டேன்.

டொங்.

"ஒருக்கா இலக்கத்தைப் பாப்பமெண்டு," என்றேன். மறுபடி தொட்டேன்.

டொங்.

"அது விடாது ரீச்சர்," என்றாள். "கேட்டதுக்குப் பதில் சொல்லட்டாம்."

"உங்களைத்தான் கேக்குது."

"இல்லை," என்றாள். என்னைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தாள். "எனக்குத் தெரியும். எனக்கும் அப்பிடித்தான் கிடக்கு. ஆனால் அமத்துங்கோ."

அவள் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டாள். நான் அமத்தினேன்.

விண்ணப்பம் கிடைத்ததாக ஒரு வரி வந்தது, ஓர் இலக்கத்தோடு. அவள் அதை உள்ளங்கையில் பேனையால் எழுதினாள், பிறகு கடதாசியில், பிறகு மறு உள்ளங்கையில். மிச்சம் பத்து யன்னல்களையும் அவளே மூடத் தொடங்கினாள். மூடப்போகும் ஒவ்வொன்றும் எழுதியது அழிந்துபோகும், பரவாயில்லையா என்று கேட்டது. அவள் ஒவ்வொன்றுக்கும், "ஓம் ராசா, போயிட்டு வா," என்று பதில் சொன்னாள். "பாருங்கோ, எத்தினை நான்! இத்தினை பேருக்கும் இடமாற்றம் கிடைச்சால் உங்கட பள்ளிக்கூடத்தை மூடவேண்டியதுதான்." சிரித்துச் சிரித்துக் கண் கலங்கியது இரண்டு பேருக்கும். கடைசி யன்னலுக்கு வந்தபோது நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். அதில் அவள் பெயர் மட்டும்தான் இருந்தது, மற்றக் கட்டங்கள் எல்லாம் வெறுமை.

"அது கிடக்கட்டும்."

அவள் அதைக் கீழே ஒதுக்கிவிட்டு எழுந்தாள்.

அடுத்த தவணை தொடங்க முன்னர் கடிதம் வந்தது. கொக்கிளாய்க்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடம். அதைச் சொல்ல அவள் ஓடி வந்தபோது என் வாய் சந்தோசம் என்றது. சந்தோசம்தான். அந்தப் பெயர் மட்டும் இருந்த யன்னல் இன்னும் சில கிழமைகள், ஆசிரியர் அறையில் மின்சாரக் கம்பியைக் கழற்றாமலே வைத்திருந்த என் மடிக்கணினியின் அடியில் கிடந்தது. கவிதை எழுத உட்காரும்போதெல்லாம் போய் ஒருக்கா இழுத்துப் பார்ப்பேன். பிறகு ஒரு நாள் மின்சாரம் நின்றது. திரும்ப வந்தபோது அது இல்லை. ஆனால் அதற்குள் நான் திரும்பிப் போய் எடுக்கப் பழகியிருந்தேன். இன்றைக்கும் என் திரையில் இரண்டுதான் இருக்கும், பக்கத்தில் பக்கத்தில். சிலவேளை மூன்று. சரி, ஐந்து.

அவள் போன நாளைச் சொல்லவேண்டும். ஆசிரியர் அறையில் றோல்ஸும் பிளேன்ரீயும். அதிபர் கதைத்தார். நான் எழுதிவைத்த பிரியாவிடைக் கவிதையைப் பாதியில் மடித்து வைத்துவிட்டேன். அவள், "மிச்சத்தைத் தபாலிலை போடுங்கோ," என்றாள். பிறகு நாங்கள் இருவரும் பிரதான வீதிக்கு நடந்தோம். அவளின் பையை நான் பிடித்தேன், என் குடையை அவள் பிடித்தாள், வெயிலுக்கு. பஸ் தரிப்பிடத்துச் சீமெந்துக் குந்தில் இருந்து பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மகளுக்கு என்ன நிறச் சட்டை?" என்று கேட்டேன்.

"தெரியேல்லை. நாளைக்கு நேரிலை கேக்கிறன். சித்தியைக் கேட்டுச் சொல்லுறன் எண்டால், சரி, மூண்டு பேருமாய் இருந்து கதைப்பம்."

முல்லைத்தீவு பஸ் வந்தது. பையை ஏற்றினேன். அவள் ஏறி யன்னல் பக்கம் இடம் பிடித்தாள். கூரையில் யாரோ உர மூட்டை கட்டிக்கொண்டிருந்ததால் பஸ் உடனே எடுக்கவில்லை. அந்தச் சில நிமிடங்களை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டுப் பழக்கம் வந்து காலைப் பிடித்தது. கையைக் காட்டிவிட்டுத் திரும்பி நடந்தேன். விட்டதை விட்டிட்டு நட. கழுத்தை நேராக வைத்துக்கொண்டு, வயல் கரைப் புளியமரத்தையே பார்த்துக்கொண்டு, பத்துப் பன்னிரண்டு அடி வந்திருப்பேன். பின்னால் பஸ் உறுமத் தொடங்கியது. அந்த உறுமலுக்கு மேலால், இருபத்தைந்து பிள்ளைகளை அடக்கிப் பழகிய அவள் குரல் வந்தது.

"ரீச்சர்! குடையைக் குந்திலை விட்டிட்டுப் போறியள். திரும்பி வந்து எடுங்கோ!"